மழையில் 15ஆம் எண்: வேகக்காரரா, பந்து பிடிப்பவரா?

தேசிய ரக்பிக் குழுவுக்கு ஃபுல்பேக் (15ஆம் எண் அணிந்து பின்களத்தைக் காக்கும் கடைசி ஆட்டக்காரர்) யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வகை ஆட்டக்காரர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர், அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பியில் தேறி வந்த வேகக்காரர். மற்றவர் உள்ளூர் கிளப்பில் பல பருவங்களாகப் பின்களத்தைக் காத்தவர். ஓட்டம் சுமார்தான், ஆனால் உயரப் பந்தை விடமாட்டார். என் ஓட்டு இரண்டாமவருக்கே.

வேகக்காரரின் பலம் எல்லாருக்கும் தெரியும். இடைவெளி கிடைத்தால் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை வைத்துவிடுவார். ஆட்டத்தை மீண்டும் தொடங்க உதைக்கும் ரீஸ்டார்ட் பந்தை எட்டிப் பிடிக்கவும் பழகியிருப்பார். ஆனால் 80 நிமிட ஆட்டத்தில் அவரைச் சோதிப்பது வேறொரு பந்து: எதிரணி உயரே உதைத்துத் துரத்தி வரும் பந்து.

துரத்தி வருபவரின் வழியை மறித்து, பிடிப்பவருக்குக் காவலாக ஓடுவதை நடுவர்கள் 2024 இறுதியிலிருந்து கண்டிப்பாகத் தண்டிக்கிறார்கள். அதனால் ஸ்க்ரம் ஹாஃப் (9ஆம் எண்) உயரே உதைக்கும் பாக்ஸ் கிக்குக்கு மவுசு கூடிவிட்டது. பந்து 25 மீட்டர் தள்ளி விழுவதற்குள் நான்கு விநாடி போல வானில் நிற்கும். எதிரணி விங்கரும் (ஓரத்தில் ஆடுபவர்) அதே நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். நம் ஊரில் மழை பெய்யாத மாலையிலும் முன்கை வியர்வையில் வழுக்கும்.

நின்ற இடத்திலேயே கையை விரித்துக் காத்திருப்பவரின் தலைக்கு மேலேயே பந்து பறிபோகும். பந்தை நோக்கி ஓடிவந்து, ஒற்றைக் காலில் எம்பி, மற்ற முழங்காலை உயர்த்த வேண்டும். முழங்கைகள் ஒட்டியிருக்கட்டும், ஈரப் பந்து என்றால் விரல்களை நம்பாமல் மார்போடு அணைக்க வேண்டும். எம்பும்போதே உடல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், நழுவும் பந்து பின்னால் போகும், நாக்-ஆன் (கையிலிருந்து பந்து முன்னால் போகும் தவறு) ஆகாது. வேகக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது கண்ணால்தான்: பந்து கைக்கு வருமுன்பே ஓட வழி தேடிப் பார்வை கீழே இறங்கிவிடுகிறது. நம் கோட்டிலிருந்து 22 மீட்டருக்குள் அப்படி ஒரு நாக்-ஆன் விழுந்தால், அடுத்தது எதிரணி பந்தைப் போடும் ஸ்க்ரம் (இரு அணியினரும் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது).

பிடித்த பிறகும் வேலை இருக்கிறது. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக தென்னாப்பிரிக்க ஃபுல்பேக் டேமியன் வில்லெம்ஸ மார்க் கேட்டு (தன் 22 மீட்டருக்குள் உதைபந்தைப் பிடித்தவர் அப்படிக் குரல் கொடுத்தால் ஃப்ரீ கிக் கிடைக்கும்), ஃப்ரீ கிக்குக்குப் பதில் ஸ்க்ரம் எடுத்தார். 2024 ஜூலையிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகவே மார்க் எடுக்கும் ஃபுல்பேக்கின் உதையும் நம்பகமாக இருக்க வேண்டும். 50:22 விதி (தன் பாதியிலிருந்து உதைத்த பந்து எதிரணியின் 22 மீட்டருக்குள் தரைபட்டு ஓரக் கோட்டைத் தாண்டினால் உதைத்த அணிக்கே பந்து) வந்தபின் விங்கர்களை எப்போது பின்னால் இழுப்பது என்று குரல் கொடுப்பதும் அவர் பொறுப்பே. தாக்குதல் ஆசையில் 15ஆம் எண் முன்னேறி நின்றால் மூலை திறந்துகிடக்கும்.

2027 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஹாங்காங் போன்ற அணியிடம் நிதானக்காரரின் மெதுவான கால்கள் தாங்குமா என்பதை உள்ளூர் லீக் ஆட்டங்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால் வேகக்காரரை ஒதுக்கச் சொல்லவில்லை. 23ஆம் எண்ணில் மாற்று ஆட்டக்காரராக உட்காரவைத்து, எதிரணி களைத்த 60ஆவது நிமிடத்தில் இறக்கலாம்.

தேர்வாளர்கள் 40 மீட்டர் ஓட்ட நேரத்தை மட்டும் குறிக்காமல் இதையும் செய்து பார்க்கட்டும்: வாளித் தண்ணீரில் முக்கியெடுத்த பந்துகள், இரு பக்கமிருந்தும் பத்துப் பத்து பாக்ஸ் கிக், ஒவ்வொன்றுக்கும் துரத்த ஒருவர். எத்தனை பிடித்தார் என்பதோடு, நழுவியவை முன்னால் போனதா பின்னால் போனதா என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.