காடைக் கூட்டில் வயதுக் கலப்பு: ஒரே கூடா, தனித்தனியா, நடுவில் வலையா?

கிழக்கிலங்கையில் படுவான்கரையிலோ கல்முனைப் பக்கமோ, வீட்டு வளவில் காடை வைத்திருப்பவர்களோடு பேசினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். நேற்றுப் பொரித்த குஞ்சு, இறகு முளைக்கிற குஞ்சு, முட்டையிடுகிற காடை எல்லாவற்றையும் ஒரே கூட்டில் விடலாமா? விட்டால் கூடு கட்டும் செலவு ஒன்றுதான், தண்ணீர் வைக்கும் வேலையும் ஒன்றுதான். "ஊர்க்கோழியெல்லாம் ஒரே வளவுக்குள்ளதானே மனே வளருது" என்று பெரியவர்கள் சொல்வதும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஊர்க்கோழிக் குஞ்சுக்குத் தாய் உண்டு. குளிர்ந்தால் செட்டைக்குள் இழுத்துக்கொள்ளும், வேறு கோழி கிட்ட வந்தால் பாய்ந்து கொத்தும். நாம் வளர்க்கும் ஜப்பானியக் காடைக்கு அடைகாக்கும் குணமே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. முட்டையை இன்குபேட்டரில் 17, 18 நாள் வைத்து நாம்தான் பொரிக்க வைக்கிறோம். அதனால் பெரிய காடைகளோடு விடப்படும் குஞ்சுக்கு அந்தக் கூட்டில் சொந்தம் என்று எவரும் இல்லை.

முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக விடும் வழியைப் பார்ப்போம். பொரித்த அன்று குஞ்சின் எடை 7, 8 கிராம். முதல் வாரம் அதற்கு 35 முதல் 37 பாகை சூடு வேண்டும்; பிறகு வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துவரலாம். மூன்று, நான்கு வாரத்தில் இறகு மூடிவிட்டால் பல்ப் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பகல் சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்துவிடத் தோன்றும். விடியப்புறம் பார்த்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும், அடியில் அகப்பட்டது மூச்சு முட்டிச் செத்திருக்கும். சரி, பல்பை எரிய விடுவோம் என்றால் அதே கூட்டிலுள்ள பெரிய காடை வாயைப் பிளந்து இளைக்கும். ஒரே கூரைக்குள் இரண்டு காலநிலை வைக்க முடியாது.

தீனிலும் இதே இழுபறி. குஞ்சுக்குப் புரதம் கூடிய தீன் வேண்டும். ஊரில் பலரும் புரொய்லர் ஸ்டார்ட்டரை, அதாவது கறிக்கோழிக் குஞ்சுத் தீனைத்தான் பொடித்துப் போடுகிறார்கள். முட்டையிடும் காடைக்குக் கல்சியம் வேண்டும். முட்டைக்கோழித் தீனில் உள்ள கல்சியத்தைக் குஞ்சு தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். ஸ்டார்ட்டரை மட்டும் எல்லாவற்றுக்கும் போட்டால் முட்டை ஓடு காகிதம்போல் மெலியும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: தீன் எல்லாவற்றுக்கும் ஸ்டார்ட்டர்தான், பக்கத்தில் ஒரு சிறு தட்டில் நொறுக்கிய மட்டி ஓடு. முட்டையிடுகிறது தனக்கு வேண்டியதைத் தேடித் தின்னும், சிறிசு பெரும்பாலும் சும்மா கிளறிவிட்டுப் போய்விடும். வாவிக்கரையில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. உப்புப் போகக் கழுவிக் காயவைத்து நொறுக்கினால் போதும். ஆனால் இறகு மூடிய காடைக்குத்தான் இது சரிவரும், ஒரு வாரக் குஞ்சுக்கு நம்பிச் செய்ய முடியாது.

தண்ணீர்ப் பாத்திரமும் ஆபத்துதான். பெரிய காடைக்கு வைக்கும் தட்டில் குஞ்சு விழுந்து மூழ்கிப்போகும், கூழாங்கல் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம் ஆண் காடை. ஆறு வாரத்துக்குள் அது பருவத்துக்கு வந்துவிடும். பின்பக்கத்தை அமுக்கினால் வெள்ளை நுரை வருவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். இணையும்போது பெட்டையின் பிடரி இறகைக் கவ்விப் பிடிக்கும். பிடித்து நிற்கும் வலு வந்த பெட்டை தாங்கிக்கொள்ளும். நாலு வாரக் குட்டிப் பெட்டைக்கு ஓடத்தான் தெரியும். பிடரி மொட்டையாகி, தோலில் இரத்தம் கசிந்து, மூலையில் தலையைச் செருகி நிற்கும். இரத்தத்தைக் கண்டால் மற்றக் காடைகளும் கொத்தத் தொடங்கிவிடும். ஒரே நாளில் ஒன்றை முடித்துவிடும். ஆகவே ஒரே கூட்டு வழியில் மிச்சமாகும் பலகைக் காசை, செத்த குஞ்சில் இழந்துவிடுவோம்.

வயதுவாரியாகத் தனித்தனிக் கூடு என்பது நேர் எதிர். நோய்க்கும் கொத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. அடுக்காக வைத்தால் குஞ்சுக் கூடு மேலே, பெரிசு கீழே இருக்கட்டும், எச்சம் குஞ்சின்மேல் விழக்கூடாது. காலையில் தீன் போடும்போதும் முதலில் குஞ்சு, அப்புறம்தான் பெரிசு. கையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகும் அழுக்கு அந்தத் திசையில் போனால் பரவாயில்லை. குறை என்னவென்றால், பதினைந்து காடை வைத்திருப்பவருக்கு மூன்று கூடு அதிகம். அதோடு தனியாக வளர்ந்த கூட்டத்தைப் பிறகு சேர்க்கும் நாளில் அந்தச் சண்டை எப்படியும் வரும், கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நடுவில் வலை அடிக்கும் வழி எனக்குப் பிடிக்கிறது. ஒரே கூடு, நடுவில் கழற்றக்கூடிய கம்பிவலைச் சட்டம். முதல் இரண்டு வாரக் குஞ்சு அரை அங்குலக் கண்ணிக்குள்ளால் நுழைந்துவிடும், கால் அங்குல வலைதான் வேண்டும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்தால் பெரிசு கிளறும் உமியும் எச்சமும் மறுபக்கம் பறக்காது. பல்ப் குஞ்சுப் பக்கத்தின் தூரத்து மூலையில் தொங்கட்டும், பெரிசு சூட்டிலிருந்து விலகி நிற்க இடம் இருக்கும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து, சத்தம் கேட்டு வளர்கின்றன. சேர்க்கும் நாளில் அந்நியம் குறைவு.

மூன்று வாரத்தில் நெஞ்சைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரியும். துருநிறம் ஆண், வெளிறிய நெஞ்சில் கரும்புள்ளி இருந்தால் பெண். (வெள்ளைக் காடை வைத்திருப்பவர் நுரை வரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.) அப்போதே மிஞ்சும் ஆண்களைக் குறித்துவைத்து, ஆறு வாரத்தில் கறிக்கு எடுத்துவிடலாம். ஓர் ஆணுக்கு மூன்று பெட்டை என்பது நல்ல கணக்கு.

வலையைக் கழற்றுவது இளசு முட்டையிடத் தொடங்கும் ஆறு, ஏழு வாரத்தில். கழற்றுமுன் உமியை மாற்றி, தீன் தட்டையும் தண்ணீரையும் இடம் மாற்றி வைத்து, மைமல் நேரத்தில் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உள்ளே விடுங்கள். பழையதுக்கும் அது புது இடமாகத் தெரியும், காவல் காக்க மூலை இருக்காது. ஒளிந்துகொள்ள ஒரு ஓலைத்துண்டைச் சாய்த்து வையுங்கள். பெரிய காடைக்குச் சதுர அடிக்கு நாலு, ஐந்து என்று கணக்குச் சொல்வார்கள். கலப்புக் கூட்டில் இரண்டுக்கு மேல் போட வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆனால் வலை நோயைத் தடுக்காது. வெளியிலிருந்து வாங்கி வந்த காடையை வலைக்கு மறுபக்கம் விடுவது அதை உள்ளே விடுவதற்குச் சமம். அதை இரண்டு, மூன்று வாரம் வேறு இடத்தில் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் கிட்டக் கொண்டுவர வேண்டும். குடற்புண் நோயும் இரத்தக் கழிச்சலும் பெரிய காடையில் வெளியே தெரியாமல் இருக்கும், அதன் எச்சத்திலிருந்து குஞ்சுக்குத் தொற்றும். ஐப்பசியில் தொடங்கித் தைவரை மழை அடிக்கும்போது உமி காயாது, அந்த ஈரத்தில் கழிச்சல் கிருமி நன்றாக வளரும். மாரி காலத்தில் வயதுக் கலப்பே வேண்டாம் என்பேன்.

கடைகளுக்கு முட்டை கொடுப்பவருக்கு நாலாவது வழிதான்: ஒரே நாளில் பொரித்த தொகுதி முழுதாக உள்ளே, முழுதாக வெளியே. எடுத்த பிறகு கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, இரண்டு வாரம் வெறுமையாகக் காயவிடலாம். நோய்ச் சங்கிலி அறுகிறது, தீனும் ஒன்று, விளக்கும் ஒன்று. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியே நிற்பதால், முட்டைக்குத் தேவையான 14 முதல் 16 மணி வெளிச்சத்துக்கு மாலையில் பல்ப் போட வேண்டும். கலப்புக் கூட்டில் அந்த வெளிச்சம் வளரும் பெட்டையையும் அவசரப்படுத்தி, உடம்பு தேறுமுன் சிறு முட்டை போட வைக்கும். இரண்டு கொட்டிலாவது இல்லாவிட்டால் முட்டை இடையில் நின்றுபோகும் என்பதுதான் இந்த வழியின் தொல்லை.

ஆக, ஒரு வாரத்துக்கும் மூன்று வாரத்துக்கும் உள்ள இடைவெளி, மூன்று மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் உள்ளதைவிடப் பெரிது. முட்டையிடத் தொடங்கிய, உங்கள் வளவிலேயே வளர்ந்த காடைகள் என்றால் வயதைப் பற்றிக் கவலைப்படாமல் சேருங்கள், ஆண்களை மட்டும் எண்ணிக்கொண்டு. ஒன்று மட்டும்: சேர்த்த பிறகு எது பழையது, எது புதியது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கும் காலில் ஒரு நிறத்தில் சிறிய கேபிள் டை போட்டுவிடுங்கள், வளரும் காலில் இறுகாமல் தளர்வாக. முட்டை குறையும்போது எந்த நிறத்தைக் கழிப்பது என்று தெரியும்.