எந்த டெத்லாக்கை முதலில் படிப்பது: மானிங்கா, காலின்ஸா?

மார்வெல் காமிக்ஸில் டெத்லாக் என்பது ஒரே ஆளின் பெயர் அல்ல. பாதி பிணம், பாதி எந்திரம் என்ற அந்த உடலுக்குள் 1974 முதல் பலரை மாற்றி மாற்றி அடைத்திருக்கிறார்கள். ஆனாலும் புதிதாகப் படிக்க வருபவர் தேர்ந்தெடுக்க வேண்டியது இருவரில் ஒருவரைத்தான்: 1974இன் கர்னல் லூதர் மானிங், 1990இன் மைக்கேல் காலின்ஸ். நான் காலின்ஸில் தொடங்கி, பிறகு மானிங்குக்குப் போனவன். யார் கேட்டாலும் அதே வரிசையைத்தான் சொல்வேன்.

பொதுவானவற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். இருவருக்கும் அசுர பலம், துப்பாக்கி, மண்டைக்குள் பேசும் கணினி. இருவரையும் இப்படி ஆக்கியவன் பெயர் ரைக்கர்; மானிங்குக்கு சைமன் ரைக்கர், காலின்ஸுக்கு ஹார்லன் ரைக்கர். இருவருக்கும் மனைவியும் மகனும் உண்டு. அந்த வீட்டுக்கு இந்த முகத்தோடு திரும்ப முடியாது என்பதுதான் இருவருடைய துயரமும்.

மானிங்கை உருவாக்கியவர்கள் ஓவியர் ரிச் பக்லரும் எழுத்தாளர் டக் மோயென்ச்சும். 'அஸ்டானிஷிங் டேல்ஸ்' 25ஆம் இதழில், ஆகஸ்ட் 1974இல் வந்தான். கதை நடக்கும் ஆண்டு, அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 1990. டெட்ராய்ட்டைச் சேர்ந்த படைவீரன் செத்துப்போகிறான். அந்தச் சடலத்தை ராணுவம் ஆயுதமாக்குகிறது. அழுகும் சதையைப் பக்லர் மறைக்கவில்லை. பக்க அமைப்பில் அவர் காட்டும் துணிச்சலை இன்று பார்த்தாலும் மிரட்சியாக இருக்கிறது. ஓவியம் மட்டுமே அளவுகோல் என்றால் என் வாக்கு மானிங்குக்குத்தான்.

எனக்கு அளவுகோல் வேறு: மண்டைக்குள் இருக்கும் அந்தக் கணினியை இந்த மனிதன் என்ன செய்ய முடியும்?

மானிங்கால் திட்ட முடியும், கிண்டல் செய்ய முடியும், வாதாட முடியும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் முடியாது. தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்க்கும்போதும் கணினி விடுவதில்லை. அவனுக்கும் கணினிக்கும் இடையிலான வறண்ட உரையாடல்தான் தொடரின் உயிர். ஆனால் கொல்வது அவனுக்குப் பழைய தொழில். எந்திரம் அதை விரைவாக்கித் தருகிறது, அவ்வளவுதான். சாக விடாத உடலின் மீதுதான் அவன் கோபம் முழுவதும்.

காலின்ஸ் விஷயம் வேறு. அவர் மென்பொருள் எழுதுபவர், வன்முறையை வெறுப்பவர். ராக்ஸான் குழுமத்தின் சைபர்டெக் நிறுவனத்தில், ஊனமுற்றோருக்கான செயற்கை உறுப்புகளுக்கு என்று நம்பி நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அது ஆயுதத்துக்குப் போகிறது என்று கண்டுபிடித்ததும் அவருடைய மூளையையே எடுத்து அந்த ஆயுதத்துக்குள் வைத்துவிடுகிறார்கள். மூளை உறங்கிக்கொண்டே வேலை செய்யும் என்பது அவர்கள் கணக்கு. அது விழித்துக்கொள்கிறது. விழித்ததும் அவர் செய்யும் முதல் முக்கியமான காரியம், யாரையும் கொல்லக் கூடாது என்ற விதியைக் கணினிக்குள் புகுத்துவது. அதற்குப் பிறகு கணினி அடம்பிடிப்பதில்லை. கொல்லாத வழிகளைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. மானிங் கெஞ்சியும் நடக்காததை, நிரல் தெரிந்தவர் ஒரு கட்டளையில் முடித்துவிடுகிறார். குற்றத்தில் பங்கும் அவருக்கு உண்டு: அந்த உடலை ஓட்டும் நிரலில் அவர் எழுதியதும் இருக்கிறதே! கொலைகாரன் திருந்தும் கதைகளை நிறையப் படித்திருக்கிறோம். நல்லவரின் உழைப்பே கொலைக்கருவியானால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

இதற்கு ஒரு விலை உண்டு. எதிர்நாயகன் என்ற பட்டத்துக்கு மானிங்தான் பொருத்தம். காலின்ஸ் கிட்டத்தட்ட நாயகனே. யாரையும் கொல்ல மாட்டார் என்று தெரிந்த பிறகு சில சண்டைகளில் பதற்றம் குறைந்துவிடுகிறது.

ஆனால் காலின்ஸை வைத்து 1991இல் தொடங்கிய மாதத் தொடரின் 2 முதல் 5 வரையிலான இதழ்கள் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகின்றன. எழுத்து டுவெய்ன் மெக்டஃபி, ஓவியம் டெனிஸ் கோவன். இருவரும் 1993இல் மைல்ஸ்டோன் மீடியா என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அடக்கம். 'தி சோல்ஸ் ஆஃப் சைபர்-ஃபோக்' என்ற அந்தக் கதையின் தலைப்பு, அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' நூலை நினைவூட்டுவது. காலின்ஸ் கறுப்பினத்தவர். தன்னைத் தன் கண்ணாலும் பிறர் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்க நேரும் நிலையைப் பற்றி டுபாய்ஸ் எழுதியது, எந்திர உடலுக்குள் சிக்கிய இந்த மனிதருக்கு அப்படியே பொருந்துகிறது. 1974இன் டெத்லாக்கில் இந்த ஆழம் இல்லை.

வாங்குபவர் கவனிக்க இன்னொன்று. மானிங்கின் தொடர் 1976இல் 36ஆம் இதழோடு நின்றுபோனது. கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்றால் 1983இன் 'கேப்டன் அமெரிக்கா' 286 முதல் 288 வரை தேடிப் போக வேண்டும். காலின்ஸின் 1990 குறுந்தொடர் நான்கே இதழ்கள், தன்னளவில் முழுமையானது. 1994 வரை, 34 இதழ்களுக்கு ஓடிய மாதத் தொடரின் பிற்பகுதியை நான் அங்கங்கேதான் படித்திருக்கிறேன். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. 1999இலும் 2014இலும் வந்த புது டெத்லாக்குகளை மேலோட்டமாகவே புரட்டினேன் என்பதால் அவற்றைப் போட்டியில் சேர்க்கவில்லை.

காலின்ஸின் குறுந்தொடரில் நான்கு இதழ்களையும் முடித்து, மாதத் தொடரில் ஐந்தாம் இதழ் வரை வந்துவிட்டால், அங்கே நிறுத்திவிட்டு மானிங்கை எடுங்கள். கணினியோடு அவன் போடும் சண்டை அப்போது இன்னும் கசப்பாகக் கேட்கும்.