டியூஷன் ஆசிரியர்கள்: இரண்டு பிள்ளைகளுக்கும் வைத்துப் பார்த்த வரையில்

டியூஷனில் சேர்த்த முதல் மாதம் எல்லா ஆசிரியர்களுமே நல்லவர்கள்தான். பிள்ளை நேரத்துக்குக் கிளம்புகிறது, வீட்டுப்பாடம் முடிந்திருக்கிறது, நமக்கும் ஏதோ செய்துவிட்ட நிம்மதி. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியக் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு எல்லாம் ஒரு சுற்று வந்து போக வேண்டும். எங்கள் வீட்டில் மகள், மகன் இருவருக்கும் மூன்றாம் வகுப்பிலிருந்தே யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஊர் திருச்சி. இருவருமே மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. மகள் 2023இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினாள், மகன் 2025இல் எழுதினான். இந்த வருடங்களில் பக்கத்துத் தெரு அக்கா, பெரிய சென்டர், செல்போன் ஆப், ஓய்வு பெற்ற கணக்கு சார், எம்.எஸ்ஸி. படிக்கும் பையன் என்று பலரைப் பார்த்தாயிற்று.

அக்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொடக்கப் பள்ளி வயதுக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. மாலை ஐந்தரைக்குப் போனால் ஏழரைக்கு வரும். தமிழிலிருந்து சமூக அறிவியல் வரை எல்லாப் பாடமும் ஒருவரே. மாதம் 400 ரூபாய் வாங்கினார். உண்மையைச் சொன்னால் அது பாதி டியூஷன், பாதி பிள்ளை பார்த்துக்கொள்வது. வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அந்தப் பாதிதான் பெரிய உதவி. வாய்ப்பாடு, ‘ற’கர ‘ர’கரப் பிழை, கையெழுத்து மூன்றையும் விடாமல் பிடித்துச் சரி செய்துவிட்டார். ஆறாம் வகுப்பு தாண்டியதும் அவரே, “இனி கணக்குக்கு வேற ஆளைப் பாருங்க, எனக்கு இதுக்கு மேல தடுமாறும்” என்று சொன்னார். தன் எல்லை எதுவென்று தெரிந்து வாயைத் திறந்து சொன்ன ஒரே டியூஷன் ஆசிரியர் அவர்தான். பின்னாளில், பள்ளி மூடியிருந்த காலத்தில் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அதற்கு அரசு கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அவர் உழைப்புக்கு அது எந்த மூலைக்கு!

அடுத்தது சென்டர். மாடியில் நீளமான ஹால், நாற்பது பிள்ளைகள், ஒரு மைக். ஞாயிறு தோறும் டெஸ்ட், அன்று இரவே மார்க்கும் ரேங்க்கும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். கல்யாணப் பந்தி மாதிரிதான்: வாய் விட்டுக் கேட்கிற பிள்ளைக்கு இரண்டாம் தடவையும் கிடைக்கும், கூச்சப்படுகிற பிள்ளை இலையில் விழுந்ததோடு எழுந்து வந்துவிடும். என் மகள் இரண்டாவது ரகம். சென்டர் டெஸ்ட்டில் நாற்பதுக்கு முப்பத்தைந்து வாங்குவாள், அதே பாடத்துக்குப் பள்ளித் தேர்வில் பாதிகூட வராது. காரணம் ரொம்ப எளிது. எந்தெந்தக் கணக்கு டெஸ்ட்டில் வரும் என்று முந்தின நாளே வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவளும் மனப்பாடம் செய்துவிடுவாள், விடையில் வரும் எண்கள் உட்பட.

அதற்காக சென்டர்களையே குறை சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுகிற பழக்கம், கை வேகம், எந்த வினாவுக்கு எவ்வளவு நேரம் என்கிற கணக்கு, இதெல்லாம் வீட்டில் ஒற்றை ஆளாகப் படிக்கிற பிள்ளைக்கு வராது. பாடம் ஏற்கெனவே புரிந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பின் கடைசி மூன்று மாதம் ‘டெஸ்ட் பேட்ச்’ நல்ல செலவுதான். புரியாத பிள்ளையை அங்கே கொண்டு விட்டால் புரியாததை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மகள் ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முழுக்கச் செல்போனிலேயே போனது. அப்போதுதான் ஒரு ஆப்புக்குச் சந்தா கட்டினோம். அனிமேஷன் அழகாக இருந்தது, பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. ஆனால் அந்த ஆப்புக்கு அவள் முகம் தெரியாது. பார்த்தது புரிந்ததா என்று கேட்க நாலு விருப்ப விடைகள் கொடுப்பார்கள், குத்துமதிப்பாகத் தொட்டாலும் பச்சை வரும். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மட்டும் ஆள் மாற்றி ஆள் போன் செய்தார்கள். அதைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. கணக்கு என்றாலே அழுகிற நிலைக்கு அவள் வந்திருந்தாள். தெரிந்தவர் மூலமாக, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சாரை வீட்டுக்கு வரச் சொன்னோம். வாரம் நாலு நாள், மாதம் 4,000 ரூபாய். அந்த நேரத்துக்கு எங்களுக்கு அது பெரிய தொகை.

முதல் நாள் நான் ரேங்க் கார்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. “ரஃப் நோட்டு இருக்கா பாப்பா?” என்றார். எல்லாரும் ஃபேர் நோட்டைத்தான் பார்ப்பார்கள், அதில் பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிய விடைகள்தான் அழகாக இருக்கும். பிள்ளை உண்மையில் எப்படி யோசிக்கிறது என்பது ரஃப் நோட்டின் கிறுக்கலில்தான் கிடக்கிறது. அவர் பத்துப் பதினைந்து பக்கம் புரட்டிவிட்டு ஒரு சின்னக் கணக்கு கொடுத்தார்: 8 − (3 − 5). அவள் 8 − 3 − 5 என்று எழுதி, விடை 0 என்றாள். அவர் தப்பு என்று சொல்லவில்லை. “அடைப்புக்குள்ள இருக்கிறதை மட்டும் முதல்ல செய்யி” என்றார். மைனஸ் 2 என்று வந்தது. “இப்போ எட்டுலேருந்து மைனஸ் ரெண்டைக் கழி.” நீண்ட நேரம் யோசித்து 10 என்று எழுதினாள். ஒரே கணக்குக்கு இரண்டு விடை. எது சரி என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை, நாளைக்கு நீயே சொல்லு என்று கிளம்பிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு முழுக்களில் ஓட்டை. அதன்மேல் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் முழுக்கச் செல்போனில் ஓடிப் போயிருந்தது. பிறகு காரணிப்படுத்தல் எப்படி வரும்? அவர் பள்ளிப் பாடத்தைத் தொடவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் புத்தகங்கள்தான். வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. “அடுத்த பரீட்சையில மார்க் இறங்கும்மா. அப்போ எனக்குப் போன் போடாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இறங்கத்தான் செய்தது. அரைகுறையாக மனப்பாடம் செய்து வாங்கிக்கொண்டிருந்த மார்க்கும் போயிற்று. ஆண்டு இறுதிக்குள் ஏறியது, பிறகு இறங்கவில்லை.

அவர் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். பாதி நேரம் சத்தமே இருக்காது. பேனா எப்போதும் அவள் கையில்தான், அவள் நோட்டில் அவர் ஒரு வரிகூட எழுதமாட்டார். தவறான வரியை அடிக்கவோ ரப்பரால் அழிக்கவோ விடமாட்டார். அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் கீழே மறுபடி செய்ய வேண்டும். ஒரு பயிற்சி முடிந்ததும், “இதே மாதிரி ஒரு கணக்கு நீ போட்டு எனக்குக் குடு, நான் செய்யறேன்” என்பார். எண் மாற்றிப் போட்டால் பின்னத்தில் விடை வந்து மாட்டிக்கொள்ளும். ஏன் அப்படி வருகிறது என்று தேடிப் போனதில்தான் அவளுக்கு இருபடிச் சமன்பாடு பிடிபட்டது.

அவர் பெரிய கொள்கைவாதி எல்லாம் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் அவருக்கு மனப்பாடம்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் பதினாலில் பத்து, ஐந்து மதிப்பெண்ணும் பதினாலில் பத்து, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8. “அந்தப் பதினாறை விடறவன் முட்டாள்” என்று டிசம்பரிலிருந்து தினம் ஒரு தொடுகோடோ ஒத்த முக்கோணமோ வரைய வைத்தார். 14உம் 16உம் சேர்ந்தால் 30, இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் வினா எழுதினால் 35 தாண்டித் தேர்ச்சி. கடைசி வரிசைப் பிள்ளைகளைப் பல வருடம் கரையேற்றிய கணக்கு அது. ஆனால் 28ஆவது வினாவும் 42ஆவது வினாவும் கட்டாய வினாக்கள், புத்தகத்துப் பயிற்சியில் இல்லாத மாதிரிதான் பெரும்பாலும் கேட்பார்கள். வட்டம் போட்டுப் படித்த பிள்ளைகள் விழுகிற இடம் அது. மகள் கணக்கில் சதம் அடிக்கவில்லை, 88. அந்த 42ஆவது வினாவை முழுதாக எழுதியிருந்தேன் என்று வீட்டுக்கு வந்து குதித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. நேரம் என்பது அவர் அகராதியில் கிடையாது, ஆறு மணி என்றால் ஆறே முக்கால். தன் தலைமையாசிரியர் காலத்துக் கதையை ஆரம்பித்தால் அன்று பாடம் அம்பேல். அறிவியலில் ஒரு சந்தேகம் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும் அவராகவே, “இனிமே ரெண்டு நாள் போதும், சம்பளத்தையும் பாதியாக்கிக்குங்க” என்றார். இதைச் சொன்னபோது என் மாமியார், “இப்படியும் ஒரு மனுஷனா” என்று இரண்டு தடவை கேட்டார்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. மகனின் எட்டாம் வகுப்பில், பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரே மாலையில் வீட்டில் டியூஷன் நடத்தினார். போகிற பிள்ளைகளுக்கு வகுப்பில் ஒரு முகம், போகாதவர்களுக்கு வேறு முகம். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர் யாரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. சட்டம் 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்ற சைக்கிள்களும் நடைமுறையில்தான் இருந்தன. நாங்கள் அனுப்பவில்லை. மகன் அந்த வருடம் கொஞ்சம் கசப்பைக் குடித்தான். பாடம் சரியாக நடத்தாமல் இருப்பதில் யாருக்கு லாபமோ, அவரிடமே பாடம் கேட்கப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகளுக்கு அமைந்த சார் மகனுக்கும் அமைவார் என்றுதான் நினைத்திருந்தோம். அமையவில்லை. இவன் அவசரக்காரன். புரிந்துவிடும், எழுதும்போது பாதி படியை விழுங்குவான். சார் ஐந்து நிமிடம் மௌனமாகக் காத்திருக்கும்போது இவன் மின்விசிறியை எண்ணுவான். இரண்டு மாதத்தில் இருவருக்குமே போதும் என்று ஆகிவிட்டது, சாரே சிரித்துக்கொண்டு விடைபெற்றார். பத்தாம் வகுப்பை அவன் டியூஷன் இல்லாமல், டெஸ்ட் பேட்ச்சோடு முடித்தான்.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் அவனை உட்கார வைத்தது. இயக்கவியல் பாடம் வருடத் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதில் வகைக்கெழு, அதாவது ஒன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிக்கிற கணக்கு, தேவை. கணக்குப் புத்தகத்திலோ அதைச் சொல்லித்தரும் வகை நுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது. பள்ளியில் இரண்டு ஆசிரியர்களும் அவரவர் வரிசைப்படி போவார்கள், நடுவில் பிள்ளை தொங்கும். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி சனி, ஞாயிறு வருகிறார். அவரும் முதல் நாள் பள்ளித் தேர்வின் விடைத்தாளைத்தான் கேட்டார். பார்த்துவிட்டு, “இவனுக்கு பிசிக்ஸ் பிரச்சினை இல்லக்கா, மேத்ஸ்தான் இன்னும் அங்க வரல” என்றார். மூன்று வார இறுதிகள் வரைபடத்தில் சாய்வு, சாய்விலிருந்து திசைவேகம், அதிலிருந்து முடுக்கம். அவசரக்காரனுக்கு அவர் வைத்த மருந்து வேறு: விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதவில்லை என்றால் பூஜ்யம். இவன் சண்டை போடுவான், அவரும் சரிக்குச் சரி போடுவார். மகளிடம் இந்தப் பாணி எடுபட்டிருக்காது.

2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்று ஆகிவிட்டதால், “இந்த வருடம் எதற்கு டியூஷன், பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்பவர்கள் நிறைய. பாரம் குறைந்தது பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், இந்த வருடத்துக் கணக்கு கையில் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது யாராவது டியூஷனுக்கு ஆள் கேட்டால் அவர் எத்தனை சென்டம் எடுத்துக் கொடுத்தார் என்று நான் விசாரிப்பதில்லை. ஒரு வாரம் வரச் சொல்லுங்கள், அதற்கு முழுதாகச் சம்பளம் கொடுத்துவிடுங்கள் என்கிறேன். அந்த ஒரு வாரத்தில் பிள்ளையின் பழைய விடைத்தாளை அவர் கேட்கிறாரா, யார் குரல் அதிகம் கேட்கிறது, மறுநாள் பிள்ளையால் அதை நமக்குச் சொல்ல முடிகிறதா, இவ்வளவு பார்த்தால் தெரிந்துவிடும். வகுப்பு வரவேற்பறையில், கதவு திறந்தபடி நடக்கட்டும். நல்ல ஆசிரியர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கணக்கு சார் முதல் நாளே அவராகவே நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வராத நாளுக்குச் சம்பளம் உண்டா, பரீட்சை விடுமுறையில் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இந்தச் சங்கடத்தில் நல்ல ஆசிரியர்களை இழந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

வேதியியலுக்கும் ஒருவரைப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளியிலேயே அந்த மிஸ் நன்றாக நடத்துகிறார், வேண்டாம் என்கிறான் மகன். இப்போதைக்கு அவன் பேச்சைத்தான் கேட்கப்போகிறோம். அரையாண்டு விடைத்தாள் வரட்டும்.