ஜாம்ஷெட்பூர்ல கம்பெனி தண்ணி, கம்பெனி கரண்ட்: ரெண்டு கரையிலயும் இருந்து பார்த்த அனுபவம்

டாட்டாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு, ஊர் எப்படி, வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்னு கேக்கறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். (ஜார்க்கண்ட்ல இருக்கற ஊர், இங்க யாரும் ஜாம்ஷெட்பூர்னு நீட்டி முழக்கறதில்ல, டாட்டான்னுதான் சொல்வாங்க, ரயில்வே ஸ்டேஷன் பேரே டாட்டாநகர்.) நான் டாட்டா ஸ்டீல் ஆள் கிடையாது. ஆதித்யபூர் இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு வெண்டர் கம்பெனில வேலை. முதல்ல டவுனுக்குள்ள கத்மால வாடகைக்கு இருந்தோம், பசங்க பெருசானதும் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாங்கோல ஃப்ளாட் வாங்கிட்டுப் போயிட்டோம். அதனால கம்பெனி பார்த்துக்கற இடத்துலயும் இருந்திருக்கேன், பார்த்துக்காத இடத்துலயும் இருக்கேன்.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஒண்ணு. பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கற இந்த ஊர்ல, மெயின் டவுனுக்குன்னு ஒரு மாநகராட்சி கிடையாது. தண்ணி, டிரெய்னேஜ், ரோடு, தெரு விளக்கு, குப்பை, கரண்ட் எல்லாம் கம்பெனிதான், அதாவது டாட்டா ஸ்டீல்தான் பார்க்குது. முன்ன டாட்டா ஸ்டீலோட டவுன் சர்வீசஸ்னு ஒரு டிபார்ட்மெண்ட் பார்த்துட்டு இருந்துச்சு, 2004ல அதை ஜுஸ்கோன்னு தனி கம்பெனியா பிரிச்சாங்க, இப்ப அதுக்கு டாட்டா ஸ்டீல் யூ.ஐ.எஸ்.எல்.னு பேர் மாத்தியாச்சு, ஆனா ஆட்டோக்காரர்ல இருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் இன்னும் ஜுஸ்கோ தான்.

தண்ணியப் பத்தி சொல்லாம இந்த ஊரப் பத்திப் பேச முடியாது. கத்மா வீட்டுல குழாயத் தொறந்தா வர்ற தண்ணியை அப்படியே டம்ளர்ல பிடிச்சுக் குடிப்போம். ஆர்.ஓ. இல்ல, கேன் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மோட்டார் போடற வேலை இல்ல. எங்கம்மா ஈரோட்டுல இருந்து வந்தப்போ "காவேரித் தண்ணியவே காய்ச்சித்தான் குடிக்கறோம், இந்த ஊர் ஆறு என்ன அதைவிட ஒசத்தியா"ன்னு சொல்லி தினமும் ஒரு குண்டா காய்ச்சி வெச்சாங்க, நாங்க யாரும் தொடல, கடைசில அவங்களும் குழாய்த் தண்ணிக்கே வந்துட்டாங்க. தண்ணி முக்கியமா சுபர்ணரேகா ஆத்துல எடுத்து சுத்திகரிச்சு வர்றது, கோடைல கைகொடுக்க தல்மா மலை அடிவாரத்துல டிம்னா ஏரி இருக்கு, 1940கள்ல கம்பெனியே அணை கட்டி உண்டாக்குனது. நாமெல்லாம் பிக்னிக் போய் செல்ஃபி எடுக்கற இடம், ஆனா பாதி ஊரோட இன்ஷூரன்ஸ் அதுதான். ஸ்டீல் பிளாண்டுக்குத் தண்ணி நின்னா உலையே நின்னுடும், அதனால தண்ணி விஷயத்துல கம்பெனி அசால்ட்டா இருக்கவே முடியாது, அந்த அக்கறைல ஊருக்கும் சேர்த்து ஒரு பங்கு கிடைச்சுடுது, இது என்னோட கணிப்பு.

அடுத்தது கம்ப்ளெய்ண்ட். சஹயோக் கேந்திரான்னு ஒரே ஜன்னல், தண்ணி கரண்ட் சாக்கடை எதுவா இருந்தாலும் அதே இடம்தான். போன் பண்ணா ஒரு நம்பர் குடுப்பாங்க, அதை வெச்சு ஃபாலோ பண்ணலாம். தெரு விளக்கு எரியலன்னு சொன்னா ஆள் வந்து மாட்டிட்டு, மாட்டியாச்சுன்னு போன்லயும் சொல்லிட்டுப் போவாங்க. நம்ம ஊர்ல வார்டு ஆபீஸ் வாசல்ல நின்னு பழகினவனுக்கு இது முதல்ல நம்பவே முடியாது.

ரோட்டப் பத்தி நம்மாளுங்க பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கு. இங்க நெறைய ரோடு பிளாஸ்டிக் கழிவைத் தார்ல கலந்து போட்டது. அந்த டெக்னிக் மதுரை தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடிச்சது, 2018ல பத்மஸ்ரீ வாங்கினாரே அவர்தான். மதுரைல பொறந்த ஐடியாவை சாக்சி, பிஷ்டுபூர்னு ஊர் பூரா தெருத்தெருவா போட்டிருக்காங்க, மழைக்காலம் முடிஞ்சும் ரோடு ரோடாவே இருக்கு.

சரி, இப்ப மாங்கோ.

மாங்கோ பிரிட்ஜ் தாண்டினா ஊர் மாறிடும். பாஷை அதே, கடை அதே, ஆளுங்களும் பெரும்பாலும் காலைல பிரிட்ஜைத் தாண்டி டவுனுக்கு வேலைக்குப் போறவங்கதான், ஆனா இதுக்குத் தனி மாநகராட்சி, வேற நிர்வாகம், கம்பெனி அரசாங்கத்துகிட்ட லீஸுக்கு வாங்கியிருக்கற நிலத்துக்கு வெளிய. எங்க அபார்ட்மெண்டுல போர்வெல்தான், ஏப்ரல் பாதில மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும், அப்புறம் டேங்கர். டேங்கர்காரர் சொன்ன டைமுக்கு வரமாட்டார், வந்தா பாதி வீட்டுல ஆள் இருக்காது, இதுக்குன்னே ஒரு வாட்ஸ்ஆப் குரூப், அதுல டெய்லி சண்டை. இன்வெர்ட்டர் இல்லாம இங்க யாரும் குடித்தனம் நடத்தறதில்ல. கத்மால இருந்தப்போ இன்வெர்ட்டர்னா என்னன்னே பசங்களுக்குத் தெரியாது, இப்ப பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தறது பெரியவனோட டூட்டி. அப்புறம் ஏன் மாங்கோ போனேன்னு கேப்பீங்க. லீஸ் நிலத்துல நம்மள மாதிரி வெளியாளு சொந்தமா வீடு வாங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல, கிடைச்சாலும் விலை எட்டாது, கம்பெனி குவார்ட்டர்ஸ் கம்பெனி ஆளுங்களுக்குத்தான். மாங்கோ, ஆதித்யபூர், ஜுக்சலாய், பாக்பேடான்னு சுத்தி இருக்கற ஊரெல்லாம் இப்படி வளர்ந்ததுதான். 2011 சென்சஸ்ல டவுன் மட்டும் சுமார் 6.3 லட்சம், சுத்தியிருக்கறதையும் சேர்த்தா 13 லட்சத்துக்கு மேல. டாட்டான்னு பேப்பர்ல படிக்கற அந்த அழகான ஊர் பாதிப் பேருக்கு வேலை பார்க்கற இடம் மட்டும்தான்.

டவுனுக்குள்ளயும் கோடு இருக்கு. 86 பஸ்தின்னு (பஸ்தின்னா குடிசைப் பகுதி) சொன்னா இங்க சின்னப் பையனுக்கும் தெரியும், ஒவ்வொரு எலெக்ஷன்லயும் வர்ற பேச்சு. வேலை தேடி வந்த ஜனங்க கம்பெனி நிலத்துல குடிசை போட்டு, அதுவே தலைமுறை தலைமுறையா வீடாகி பேட்டையாகிடுச்சு. 2005ல அரசாங்கம் கம்பெனிக்கு லீஸைப் புதுப்பிச்சப்போ இந்த பஸ்தி இருக்கற நிலத்தை லீஸ்ல இருந்து கழிச்சுட்டாங்க. அதனால அது கம்பெனியோடதும் இல்ல, குடியிருக்கறவங்களுக்குப் பட்டாவும் இல்ல. எங்க கத்மா வீட்டுல வேலை செஞ்ச அக்கா இப்படி ஒரு பஸ்திதான், எங்க வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம், அவங்க தெருவுல குழாய் வந்தது ரொம்பப் பின்னாடி. பிர்சாநகர், பாரீடீ பக்கம் மோகர்தா ஸ்கீம் மாதிரி அரசுத் திட்டத்தைக் கம்பெனி நடத்தி பஸ்திக்குத் தண்ணி குடுத்தது நல்ல காரியம்தான், ஆனா அதுவும் வந்து சேர இத்தனை காலம் ஆச்சே.

எனக்கு இதுல உறுத்தறது ஒண்ணுதான். தெரு விளக்கு எரியலன்னா நான் நம்பருக்குப் போன் பண்ணலாம். ஆனா இந்தத் தெருவுல விளக்கு வேணுமா, அந்த பஸ்திக்கு முதல்ல பைப் போடணுமான்னு முடிவு பண்ற இடத்துல எனக்காகப் பேச ஓட்டு வாங்கிப் போன ஆள் யாரும் கிடையாது. இது இன்னைக்கு நேத்துப் பிரச்சனை இல்ல, மாநகராட்சி வேணும்னு 1980கள்லயே கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கடைசில 2023 டிசம்பர்ல மாநில கேபினெட் ஜாம்ஷெட்பூரை இண்டஸ்ட்ரியல் டவுன்ஷிப் ஆக்க ஓகே சொல்லிடுச்சு. அரசியல் சட்டம் 243கியூ-ல அதுக்கு வழி இருக்கு, தொழிற்சாலையே நகர வசதி குடுக்கற இடத்துல தேர்தல் வெச்ச நகராட்சி இல்லாம விடலாம்னு. கத்மா பழைய பக்கத்து வீட்டு மிஸ்ராஜிகிட்ட இதைச் சொன்னா "கார்ப்பரேஷன் வந்தா வரிதான் வரும், தண்ணி வராது"ன்னு சிரிப்பார். டவுன்ல பாதிப் பேர் மனசு அதுதான். மாங்கோவைப் பார்த்தா அவர் சொல்றதைத் தப்புன்னும் சொல்ல முடியல, ஆனா அவர் ரிட்டயர்டு கம்பெனி ஆள், அவர் கேஸ் வேற.

கம்பெனி பண்ண நல்லதை மறைக்கல. எட்டு மணி நேர வேலை 1912லயே இங்க வந்துடுச்சு, பிராவிடண்ட் ஃபண்ட் 1920ல, பிரசவ காலச் சலுகை 1928ல, சட்டம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. மரம் நட்ட அகலமான தெரு வேணும், பார்க் வேணும், ஃபுட்பால் ஹாக்கிக்கு இடம் விடணும், கோயில் மசூதி சர்ச்சுக்கும் இடம் குறிக்கணும்னு கம்பெனியோட ஸ்தாபகர் ஜாம்செட்ஜி டாட்டா 1902லயே மகனுக்கு லெட்டர் எழுதியிருக்கார், 1904ல செத்தும் போயிட்டார், ஊரைப் பார்க்கவே இல்ல, ஆனா ஊர் அந்த லெட்டர்படிதான் வந்திருக்கு. 1958ல நேரு தொறந்து வெச்ச ஜூபிலி பார்க், மார்ச் 3 ஃபவுண்டர்ஸ் டேக்கு லைட் போட்டா பாக்க கண்ணு பத்தாது, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், மாங்கோல இருந்தும் பஸ்தில இருந்தும் எல்லாரும் வருவாங்க, அன்னிக்குக் கோடு கீடு எதுவும் தெரியாது. நவம்பர்ல கோபால் மைதானத்துல ஆதிவாசி மக்களோட சம்வாத் திருவிழா, என் பொண்ணு வருஷா வருஷம் போகணும்னு அடம் பிடிப்பா, சாப்பாட்டு ஸ்டாலுக்காகத்தான்.

ஆனா இந்தச் சலுகையெல்லாம் பெர்மனென்ட் ஆளுங்களைச் சுத்தி கட்டினது, அந்த ஆளுங்க எண்ணிக்கை 1990களுக்கு அப்புறம் பாதியாச்சு, உற்பத்தி மட்டும் ஏறிட்டே இருக்கு. மீதி வேலையை என்னை மாதிரி வெண்டர் ஆளுங்களும் கான்ட்ராக்ட் லேபரும்தான் பார்க்கறோம், நாங்க கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கோம்னு மேல சொல்லிட்டேன்.

வீடு பார்க்க வர்றவங்களுக்கு: கத்மா, சோனாரி, சாக்சி, கோல்முரி, டெல்கோ கிடைச்சா ரூம் சின்னதா இருந்தாலும் யோசிக்காம எடுத்துடுங்க. கத்மால தட்சிண பாரத மகிளா சமாஜ் நடத்தற டி.பி.எம்.எஸ். ஸ்கூல் இருக்கு, நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் நெறைய. ஆதித்யபூர், கம்ஹரியா பக்கம் போனா சில இடத்துல கம்பெனி கரண்டும் அரசு கரண்டும் ரெண்டுமே உண்டு, எது இருக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. புரோக்கர் "ஜுஸ்கோ தண்ணி வரும்"னு சொன்னா நம்பாதீங்க, வரும்ங்கறது வேற வருதுங்கறது வேற, போன மாசத்து தண்ணி பில்லும் கரண்ட் பில்லும் கைல வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. மாங்கோதான் அமையும்னா மே மாசத்துல போய் வீடு பாருங்க, மழைக்காலத்துல பார்த்தா எல்லா போர்வெல்லும் நல்ல போர்வெல்தான்.