கவுண்டி அணிக்கு வெளிநாட்டு வீரர்: மூன்று வாரமா, முழுப் பருவமா?

எசெக்ஸ் வட்டாரத்தில் சனிக்கிழமை லீக் ஆடும் ஒரு சிறிய கிளப்பின் தேர்வுக் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் எங்களிடமிருந்த ஒரே வெளிநாட்டு இடத்துக்கு இரண்டு பெயர்கள் முன்வந்தன. ஒருவர் ஓரளவு பேர் வாங்கியவர், ஆனால் சில வாரங்கள்தான் இருப்பார். மற்றவரை யாருக்கும் தெரியாது, ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இருப்பார். நான் இரண்டாமவருக்குக் கை தூக்கினேன். இங்கிலாந்தின் மாவட்டப் பெயர்களில் ஆடும் தொழில்முறை அணிகளான கவுண்டி அணிகள் பெரிய தொகைகளோடு ஆண்டுதோறும் செய்வதும் இதே தேர்வுதான் என்பதால், அவர்களுக்கு முன்னுள்ள வழிகளை இங்கே அலசிப் பார்க்கிறேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவுண்டிக்கு ஆட முதலில் அங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1968-இல் தளர்ந்ததும் சோபர்ஸ் நாட்டிங்ஹாம்ஷயருக்கும், பாரி ரிச்சர்ட்ஸ் ஹாம்ப்ஷயருக்கும், பரூக் இன்ஜினியர் லங்காஷயருக்கும் வந்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் வந்து, 2021 முதல் சாம்பியன்ஷிப் (கவுண்டிகள் இரண்டு பிரிவுகளாக ஆடும் நான்கு நாள் போட்டி) ஆட்டத்தில் இரண்டு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம் என்று நிற்கிறது. இந்த வரம்பு களமிறங்கும் பதினொருவருக்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் மே மாதம் ஒருவர், ஜூலையில் இன்னொருவர், செப்டம்பரில் மூன்றாமவர் என்று மாற்றி மாற்றி அமர்த்த முடிவது இதனால்தான்.

கடவுச்சீட்டு வழி என்று ஒன்றும் உண்டு. பார்படோஸில் பிறந்த ஜோஃப்ரா ஆர்ச்சர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்ததால், 2016-இல் சசெக்ஸுக்காக உள்ளூர்க்காரராகவே ஆடினார். இங்கிலாந்துக்கு ஆடத்தான் வசிப்பிடக் காலம் வேண்டியிருந்தது, அதுவும் 2019 தொடக்கத்தில் ஏழாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைந்தது. இதே விதி மறுபக்கமும் வெட்டும். லண்டனில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடிய டிம் முர்டா, அயர்லாந்து டெஸ்ட் நாடான பிறகு அதற்கு ஆடுபவர் கவுண்டியில் வெளிநாட்டவராகவே எண்ணப்படுவார் என்பதால் இரண்டு படகில் கால் வைக்க முடியாமல், 2019 இறுதியில் சர்வதேச ஆட்டத்தை விட்டுவிட்டு மிடில்செக்ஸில் தொடர்ந்தார். இந்த வழி மலிவானது, வெளிநாட்டு இடத்தையும் தின்னாது; ஆனால் தேவைப்படும்போது தேவைப்படும் ஆள் கிடைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டமே.

அடுத்தது, சில வாரங்களுக்கு மட்டும் வரும் நட்சத்திரம். இதன் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. 2021 ஜூலையில் சர்ரேக்காக ஓவலில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிய அஸ்வின், இரண்டாம் இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். சோமர்செட் 69 ரன்னில் சுருண்டது. ஆனாலும் ஆட்டம் டிராவில்தான் முடிந்தது. (அதன்பின் நடந்த டெஸ்ட் தொடரில் அவருக்கு ஓர் ஆட்டத்திலும் இடம் தரவில்லை என்பது நம்மவர்கள் இன்றும் ஆறாமல் பேசும் கதை.) 2022-இல் லங்காஷயருக்கு வந்த வாஷிங்டன் சுந்தர் முதல் ஆட்டத்திலேயே நார்த்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார், அடுத்த மாதமே தோளில் காயம். 2024-இல் சாய் சுதர்சன் டிரென்ட் பிரிட்ஜில் சர்ரேக்காக அடித்த 105 கண்ணுக்கு விருந்து. இவற்றால் வீரருக்குக் கிடைத்த அனுபவம் தெளிவாகத் தெரிகிறது. கவுண்டிக்கு என்ன கிடைத்தது என்று கணக்கெழுத உட்கார்ந்தால்தான் பேனா தயங்குகிறது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் 2023 ஆஷஸ் தொடருக்கு முன் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் சசெக்ஸுக்காக மூன்று ஆட்டம் ஆடியபோது, எதிரிக்கு நாமே பயிற்சி தருகிறோமே என்று இங்கே பலர் முணுமுணுத்ததும் இதனால்தான்.

என் வாக்கைத் தீர்மானித்தது திறமையைவிட நாட்காட்டிதான். ஒரு கவுண்டிக்குச் சாம்பியன்ஷிப்பில் 14 ஆட்டங்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதி ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிந்துவிடும்; அப்போது பெரிய பெயர்கள் பலவும் ஐபிஎல்லில் இருக்கும். கோடையின் நடுப்பகுதியை டி20 எடுத்துக்கொள்கிறது, ஆகஸ்டை நூறு பந்துப் போட்டியான ஹண்ட்ரட் எடுத்துக்கொள்கிறது, கோப்பை முடிவாகும் செப்டம்பரில் தேசிய அணிகளின் அழைப்பு வருகிறது. ஆக, ஒப்பந்தத்தில் இருக்கும் பெயருக்கும் களத்தில் நிற்கும் ஆளுக்கும் இடையே எத்தனை நாள் ஒத்துப்போகிறது என்பதையே முதலில் எண்ண வேண்டும்.

கூடவே, பழகுவதற்கான நாட்களும் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளப்புக்கு ஆறு வாரத்துக்கு ஒரு மட்டையாளர் வந்தார். ஏப்ரல் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, பேட்டிங் இல்லாத நேரத்தில் கைகளைத் தேநீர்க் கோப்பையில் சுற்றி வைத்துக்கொண்டிருப்பார். ஈரத்தரையில் இங்கே ஆடும் டியூக்ஸ் பந்து தாமதமாக நகரும் என்பது அவர் மட்டையின் விளிம்புக்குத்தான் முதலில் தெரிந்தது. முதல் நான்கு சனிக்கிழமைகளில் ஸ்லிப்பில் மூன்று கேட்ச் கொடுத்தார். ஐந்தாவது வாரம் முன்காலை அவ்வளவு தூரம் நீட்டாமல் பந்தை வரவிட்டு ஆடக் கற்றுக்கொண்டு 80-க்கு மேல் அடித்தார். அதற்கடுத்த வாரம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தேன். பழக்கியது நாங்கள், பலன் வேறெங்கோ.

முழுப் பருவம் தங்குபவருக்கு என் உதாரணம் தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் சைமன் ஹார்மர். 2025 நவம்பரில் இரண்டே டெஸ்டில் 17 விக்கெட் எடுத்து இந்தியாவைத் திணறடித்தவராக நம்மவர்கள் அவரை அறிவார்கள். எசெக்ஸ் அணியின் ஊரான செம்ஸ்ஃபோர்டுக்காரர்களுக்கோ அவர் 2017 முதல் வீட்டுப் பிள்ளை. ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தமுள்ள நாட்டவரை வெளிநாட்டவராக ஒதுக்கக் கூடாது என்று, கோல்பாக் என்ற ஹேண்ட்பால் வீரரின் வழக்கில் 2003-இல் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பின் வழியே, கோல்பாக் வீரராக, வெளிநாட்டுக் கணக்கில் சேராமல் வந்தார். முதல் ஆண்டிலேயே மிடில்செக்ஸுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட். சாம்பியன்ஷிப்பில் 2017-இல் 72, 2019-இல் 83 விக்கெட். இரண்டு ஆண்டும் கோப்பை எசெக்ஸுக்கு. 2020-ஓடு அந்தக் கதவு மூடியபோது, எசெக்ஸ் அவரை வெளிநாட்டு இடத்திலேயே வைத்துக்கொண்டது. அந்தச் சிறிய மைதானத்தில் அவர் பந்துவீசுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்: எந்த முனையில், எந்த மாதத்தில், எந்த இடத்தில் பந்தைக் குத்தினால் ஷார்ட் லெக்கின் கைக்குப் போகும் என்று அளந்து வைத்த கை அது. மூன்று வாரத்தில் அந்த அளவு கைக்கு வராது.

எதிர்வாதமும் இருக்கிறது. முரளிதரன் 1999 உலகக் கோப்பை முடிந்த பிறகு பருவத்தின் நடுவில் லங்காஷயருக்கு வந்து 66 விக்கெட் எடுத்தார். அணி இரண்டாமிடம் பிடித்தது. முரளிக்குப் பழக்க நாட்கள் தேவையில்லை, ஆனால் முரளி ஒருவர்தான். 2022-இல் புஜாரா எட்டே ஆட்டத்தில் ஐந்து சதங்களோடு 1094 ரன் குவித்தும், சசெக்ஸ் இரண்டாம் பிரிவில் கடைசிக்கு முந்தைய இடத்திலேயே கிடந்தது. தங்குபவராக இருந்தாலும் மட்டையாளர் மட்டும் போதாது என்று இதை நான் படிக்கிறேன். பந்துவீச்சாளருக்கு முன்னுரிமை என்பது என் சாய்வு. நானே வீசியவன் என்பதால் இதில் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.

சம்பளப் பேரத்தைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. கவுண்டிகளின் மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. எங்கள் சில்லறைக் கணக்கில், விமானச் சீட்டும் தங்குமிடமும் ஆறு வாரத்துக்கு வந்தவருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்தபோது, பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தார். இந்த முறை நாங்கள் எடுத்தவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கான அணித்தாளில் அவர் பெயரை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.