வெண்புள்ளிக்கு வீட்டிலேயே லைட் தெரபி கிட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருக்கும். இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் 'கூட்டு சிகிச்சை கிட்' என்று வாங்கினேன்: கையில் பிடிக்கும் புற ஊதா விளக்கு, ஒரு க்ரீம், ஒரு டப்பா மாத்திரை. தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள்.

வாங்கும் முன் வீடியோ காலில் ஒரு 'ஆலோசகர்' வந்தார். விரல்களை கேமரா பக்கம் காட்டச் சொன்னார். அப்புறம், "புள்ளிக்குள்ள இருக்கற முடி வெளுத்திடுச்சா, கறுப்பாவே இருக்கா?" என்றார். நிறம் திரும்பும்போது பெரும்பாலும் முடிக்கால்களில்தான் சின்னச் சின்னப் பொட்டாக எழும்பும். முடியும் வெளுத்திருந்தால் கஷ்டம். இது தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. நாரோபேண்ட் யுவிபி (வெண்புள்ளிக்குக் காட்டும் புற ஊதா ஒளி), 311 நானோமீட்டர் (அந்த ஒளியின் அலைநீளம்), டாக்ரோலிமஸ் (தடவும் மருந்து) என்று எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். "மூணு மாசம் ஆகாம மாற்றம் தெரியாது, நடுவுல பதறாதீங்க" என்றார். உண்மைதான், சில மாதங்களாவது ஆகும். ஆனால் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு ஒரு மாதம்! எவ்வளவு கணக்காகப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

விளக்கு பளிச்சென்று ஊதாவாக எரிந்தது. வெள்ளைச் சட்டையில் பட்டால் சட்டை மின்னியது. சரியான அளவு என்றால் தோல் லேசாகச் சிவந்து ஒரு நாளுக்குள் அடங்க வேண்டும். எனக்கு எவ்வளவு நேரம் காட்டினாலும் ஒன்றுமில்லை. ஒருநாள் பிடியில் ஒட்டியிருந்த 311 ஸ்டிக்கர் வியர்வையில் ஓரம் உரிந்தது. அடியில் அச்சாகி இருந்தது 395. கள்ள நோட்டு பார்க்கிற விளக்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதற்கு இரண்டு மாதச் சம்பளம்!

க்ரீமில் என்ன மருந்து என்றே போடவில்லை. தடவிய இடத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரிகிறது. வீரியமான ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார் தோல் டாக்டர். மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்.

போன் செய்தால் முதலில் "பொறுமையா இருங்க சார்". அடுத்து "உங்க உடம்பு வாகு அப்படி". ஸ்டிக்கர் படத்தை அனுப்பியதும் "டெக்னிக்கல் டீம் பேசுவாங்க". எந்த டீமும் பேசவில்லை. கடைசியில், கெடு முடிந்துவிட்டதாம், ஆனால் 'அடுத்த நிலை' கிட்டுக்குத் தள்ளுபடி தருவார்களாம். எவ்வளவு துணிச்சல்!

சிகிச்சையே பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 517 பேரை வைத்து, கையில் பிடிக்கும் நிஜமான நாரோபேண்ட் விளக்கையும் ஸ்டீராய்டு க்ரீமையும் சோதித்திருக்கிறார்கள். 9 மாதம் கழித்து நல்ல பலன் என்று சொன்னவர்கள் க்ரீம் மட்டும் போட்டவர்களில் 17 சதவீதம், இரண்டும் சேர்ந்தபோது 27 சதவீதம். எனக்கு இவர்கள் சொன்னது 'நிச்சயம் முழுக் குணம்'. முகம், கழுத்து சீக்கிரம் கேட்கும், விரல் நுனியும் பாதமும் லேசில் கேட்காது என்று தோல் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். என் விரல்களைப் பார்த்த பிறகும் அந்த ஆலோசகர் வாயே திறக்கவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மருந்தின் பெயர் இல்லாத க்ரீமைத் தொடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, டைமர் இல்லாத விளக்கு வேண்டாம். வாரம் இரண்டு மூன்று முறை, அதுவும் ஒரு நாளாவது இடைவெளி விட்டுத்தான் காட்டுவார்கள். 'தினமும் காட்டு' என்று தாளில் இருந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். பில், சாட் எதையும் அழிக்காதீர்கள். நான் புகார் கொடுத்திருக்கிறேன், இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே விடுவதாக இல்லை.