உச்ச நிலையில் கணினியோடு கால்பந்து ஆடப் போகிறவர்களுக்கு

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். இந்தப் பழமொழியை மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் மேடையை அளந்தே பார்த்துவிட்டேன். கோணல்தான்.

வீடியோ கேமில் கால்பந்து எனக்குப் புதிதல்ல. கணினி எதிரணியின் கடினத்தை நடுத்தர நிலையில் வைத்து வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தேன். உச்ச நிலைக்கு மாற்றியதும் அடி மேல் அடி. தோற்று முடிக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் கடை திறந்துகொண்டது. என் அணிதான் மந்தம் போலிருக்கிறது என்று நம்பி, காசு கொடுத்து வீரர் பெட்டிகளை வாங்கினேன். உள்ளே யார் இருப்பார் என்பது திறந்த பிறகுதான் தெரியும். (பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.) நான்காவது பெட்டியில் வேகம் 93 உள்ள முன்கள வீரர் கிடைத்தார். அன்றிரவே வேகம் 61 உள்ள தடுப்பாட்டக்காரர் ஒருவர் அவரை ஓடிப் பிடித்துப் பந்தைப் பறித்தார்.

பந்தோடு ஓடுகிறவன் வேகம் குறைவது இயல்பு. எனவே யாரிடமும் பந்து இல்லாத ஓட்டங்களை மட்டும் மறுஒளிபரப்பில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடுக்கோட்டில் மூன்று எட்டு பின்னால் இருந்தவர், பெனால்டி பகுதிக்குள் நுழையும்போது தோளோடு தோள் நின்றார். பிறகு இரு பக்கமும் ஒரே அணியை வைத்து ஆடினேன். அதே 61 வேகத் தடுப்பாட்டக்காரரை நான் இயக்கி, அதே 93-ஐத் துரத்தினேன். இருபது ஆட்டத்தில் ஒருமுறைகூட எட்டிப் பிடிக்கவில்லை.

இதைவிட எரிச்சல், என் அணியே. நான் இயக்குவது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான். மற்ற பத்துப் பேரையும் நகர்த்துவது எதிரணியை ஆட்டுவிக்கும் அதே நிரல். 88-ஆவது நிமிடம், ஒரு கோல் முன்னிலை. என் மையத் தடுப்பாட்டக்காரர் காரணமே இல்லாமல் பக்கவாட்டில் நடந்துபோய் வழிவிடுகிறார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மனிதக் கண் பார்த்து விரல் அசையச் சுமார் கால் நொடி ஆகும். திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. நிரலுக்கு அதில் ஒரு மாற்றமே போதும். ஆகவே அதற்குத் தயங்கவும் தவறவும் கற்றுக்கொடுப்பதுதான் தயாரிப்பாளரின் வேலை. அந்தத் தயக்கத்தைக் கழற்றிவிட்டு, அதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். இதெல்லாம் பிரமை என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று: 1993-இல் வந்த ‘என்பிஏ ஜாம்’ கூடைப்பந்து விளையாட்டை உருவாக்கிய மார்க் டர்மெல், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். பிஸ்டன்ஸோடு நெருக்கமாக மோதும்போது சிகாகோ புல்ஸ் அணியின் கடைசி நேர எறிதல்கள் தவறும்படி நிரல் எழுதியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

விளையாட்டை வாங்கிய கடையில் பணத்தைத் திரும்பக் கேட்டேன். வாங்கி 14 நாளுக்குள், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் கிடைக்குமாம். அந்த இரண்டு மணி நேரம் பயிற்சியிலும் நடுத்தர நிலையிலுமே கழிந்துவிடுகிறது. ஆகவே வாங்கியதும் நேராக உச்ச நிலைக்குப் போய் ஐந்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். அமைப்புகள் பக்கத்தில் ஓட்ட வேகம், பாஸ் பிழை, கோல்கீப்பர் திறன் ஆகியவை உங்களுக்கும் கணினிக்கும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் கணினியின் வேகத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், ஆட்டம் ஆட்டமாகிவிடும். ஆனால் அந்த வசதி தனி ஆட்டங்களுக்கு மட்டும்தான். பெட்டி விற்கும் பகுதியில் அதைத் தொடவே முடியவில்லை.

93 வேகக்காரர் இன்னும் என் அணியில்தான் இருக்கிறார். அடுத்த பதிப்புக்கு அவரைக் கொண்டுபோக முடியாதாம்.